மனு, அஃபிடவிட்டுக்கு பாரா நம்பர் தானா விழணும்: வேர்டுல ஆட்-இன் போட்டு வேலை செய்யறது எப்படி

ஒரு பிராதுல (வழக்கு போடறவர் கோர்ட்ல குடுக்கற மனு) அறுபது பாரா இருக்கு, பதினொன்னாவது பாராவுக்கு அப்புறம் புதுசா ஒன்னு சேர்க்கணும்னு சீனியர் சொல்றார்னு வைங்க. கையால நம்பர் அடிச்சிருந்தா பன்னெண்டுல இருந்து அறுபது வரைக்கும் ஒவ்வொன்னா மாத்தணும், அது கூட பரவால்ல, உக்காந்து மாத்திடலாம், ஆனா உள்ள "மேலே பத்தி 23-ல் சொன்னபடி"ன்னு வர்ற இடத்தையெல்லாம் யாரு தேடிப் பிடிக்கறது? அதுல ஒன்னு விட்டாலும் கோர்ட்ல படிக்கும்போது வேற பாராவுக்குப் போய் நிக்கும்.

பாரா நம்பர் அழகுக்கு போடறது இல்லங்க. சிவில் நடைமுறைச் சட்டம் (சிபிசி) 1908, ஆர்டர் 6 ரூல் 2லயே இருக்கு, பிளீடிங்ஸை (ரெண்டு தரப்பும் எழுதிக் குடுக்கற பிராது, பதில்) தேவைப்படற இடத்துல பத்தி பத்தியா பிரிச்சு வரிசையா எண் போடணும், ஒரு சங்கதிக்கு முடிஞ்ச வரைக்கும் ஒரு பத்தின்னு. ஆர்டர் 8 ரூல் 5 என்ன சொல்லுதுன்னா, பிராதுல சொன்ன சங்கதியை எதிர்வாதி குறிப்பா மறுக்கலைன்னா அதை ஒத்துக்கிட்டதா எடுத்துக்கலாம். அதனாலதான் எதிர்வாதி பக்கம் "பிராது பத்தி 7-ல் கண்ட சங்கதிகளை மறுக்கிறார்"னு ஒவ்வொன்னா நம்பர் சொல்லி மறுக்கறாங்க. நம்பர் ஒன்னு தள்ளிப் போனா மறுப்பே தப்பான சங்கதிக்குப் போயிடும். இங்கிலாந்துல 2001ல ஹைகோர்ட், அப்பீல் கோர்ட் தீர்ப்புக்கெல்லாம் பாரா நம்பர் போடறதை வழக்கமாக்கினாங்க, அதுக்கப்புறம் மேற்கோள் காட்டறது பக்க எண்ணை விட்டு பாரா எண்ணுக்கு வந்திடுச்சு. பக்கம் ஃபான்ட் மாறினா மாறும், பேப்பர் சைஸ் மாறினா மாறும், பாரா நம்பர் மாறாது, அதான் காரணம். அது அந்த பத்தியோட கதவு எண் மாதிரி, எங்க இருந்து பார்த்தாலும் அதே வீட்டுக்குத்தான் போகணும்.

அதனால நம்பரை நாம அடிக்கவே கூடாது, வேர்டுதான் போடணும், அதை குறிப்பு காட்டற இடமும் வேர்டுதான் எடுத்து வைக்கணும். இதுக்கு ஆட்-இன் (வேர்டுக்குள்ள கூடுதலா சேத்துக்கற சின்ன புரோகிராம்) எப்படி உதவும், எந்த மாதிரி ஆட்-இன் எடுக்கலாம், போட்ட பிறகு எங்க எங்க கவனிக்கணும்னு கீழ எழுதியிருக்கேன். மனு, அஃபிடவிட், ஒப்பந்தம், உயில்னு தமிழ்ல டைப் பண்றவங்களை மனசுல வெச்சு எழுதறேன், ஏன்னா தமிழ்ல மட்டும் வர்ற சில சிக்கல் இருக்கு, அதை இங்கிலீஷ் கைடு எதுவும் சொல்லாது.

வேர்டுலயே நம்பரிங் இருக்கே, ஆட்-இன் எதுக்கு?

நியாயமான கேள்வி. ஹோம் டேப்ல நம்பர் பட்டனை அமுக்கினா நம்பர் வரும், ஒரு பக்க லெட்டருக்கு அது போதும். பெரிய டாக்குமென்ட்ல அது உடையறதுக்கு காரணம் என்னன்னா, அந்த பட்டன் நம்பரை அந்தந்த பாராவுல நேரா ஒட்ட வைக்குது, ஸ்டைல்ல (பாராவோட ஃபான்ட், இடைவெளி, நம்பர் எல்லாத்தையும் சேத்து ஒரு பேர்ல வெச்ச அமைப்பு) வைக்கறதில்ல. நடுவுல ஒரு தலைப்பு வந்தா லிஸ்ட் அறுந்துடும், வேற ஃபைல்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா அந்த ஃபைலோட லிஸ்ட்டும் கூடவே வந்து உக்காந்துக்கும், அப்புறம் ரைட் கிளிக் பண்ணி "கன்டின்யூ நம்பரிங்", "ரீஸ்டார்ட்"னு மாத்தி மாத்தி குடுக்கக் குடுக்க உள்ள நாலஞ்சு லிஸ்ட் பின்னிக்கிட்டு கிடக்கும், ஒன்னை சரி பண்ணா இன்னொன்னு கெடும்.

சரியான வழி என்னன்னா ஒரு மல்ட்டிலெவல் லிஸ்ட் செஞ்சு, அதோட ஒவ்வொரு லெவலையும் ஒரு பாராகிராஃப் ஸ்டைலோட கட்டிடணும். "மனு பத்தி"ன்னு ஒரு ஸ்டைல், அது முதல் லெவல். "துணைப் பத்தி"ன்னு ஒன்னு, அது ரெண்டாவது லெவல். ஸ்டைலை குடுத்தா நம்பர் தானா வரும், ஸ்டைலை எடுத்தா நம்பர் போயிடும், நடுவுல எத்தனை தலைப்பு வந்தாலும் வரிசை அறுகாது. இதை கையால செட் பண்ண முடியும், ஆனா ஒவ்வொரு புது ஃபைலுக்கும் அந்த டயலாகைத் திறந்து முக்கா மணி நேரம் போராட யாருக்கும் பொறுமை இல்ல. நல்ல ஆட்-இன் செய்யறது இந்த வேலையைத்தான், ஒரு பட்டனை அமுக்கினா லிஸ்ட்டையும் ஸ்டைலையும் சேத்து கட்டி டாக்குமென்ட்ல இறக்கிடும்.

எந்த மாதிரி ஆட்-இன்

ஆட்-இன்னு பொதுவா சொல்றதுல மூணு ஜாதி இருக்கு. முதல்ல டெம்ப்ளேட் வகை, உள்ள மேக்ரோ (வேர்டுக்குள்ள தானா ஓடற கட்டளைத் தொகுப்பு) இருக்கற வேர்டு டெம்ப்ளேட் ஃபைல், டிஓடிஎம்னு முடியும், விண்டோஸ்லயும் மேக்லயும் ஓடும். ரெண்டாவது இன்ஸ்டாலரோட வர்ற காம் ஆட்-இன், இது விண்டோஸ்ல மட்டும்தான். மூணாவது ஆஃபீஸ் ஸ்டோர்ல இருந்து எடுக்கறது, இது பிரவுசர்ல ஓடற வேர்டுலயும் வேலை செய்யும், பதிலா இன்டர்நெட் வேணும், கட்சிக்காரரோட டாக்குமென்ட்டை வெளி கம்பெனியோட சர்வர் தொடுமான்னு அதோட பிரைவசி பேஜைப் படிச்சுத்தான் முடிவு பண்ணணும். கோர்ட் வேலைக்கு நான் டெம்ப்ளேட் வகையைத்தான் சொல்வேன், ஃபைல் நம்ம மெஷின்லயே இருக்கும், நெட் இல்லாட்டியும் ஓடும், வேண்டாம்னா அந்த ஒரு ஃபைலை தூக்கிட்டா முடிஞ்சது. மொபைல் வேர்டுலயும் பிரவுசர் வேர்டுலயும் மேக்ரோ ஓடாதுங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

இதை விட முக்கியமான விஷயம் ஒன்னு இருக்கு, அந்த ஆட்-இன் நம்பரை எப்படி போடுதுங்கறது. டெமோ டாக்குமென்ட்ல ஒரு பாரா நம்பர் போட வெச்சு, அந்த நம்பர் மேல கிளிக் பண்ணிப் பாருங்க. கர்சர் உள்ள போகாம அந்த லெவல் நம்பர் எல்லாம் சேர்ந்து சாம்பலா மாறுச்சுன்னா அது வேர்டோட சொந்த லிஸ்ட். கர்சர் போய், ஷிஃப்ட் + எஃப்9 அமுக்கினா சுருள் அடைப்புக்குள்ள ஒரு கட்டளை தெரிஞ்சா அது ஃபீல்டு (வேர்டே கணக்கு போட்டு நிரப்பற இடம்), பெரும்பாலும் வரிசையா எண்ணற சீக் (SEQ) ஃபீல்டா இருக்கும் (லேப்டாப்ல எஃப்என் கீயையும் சேத்து அமுக்கணும்). கர்சர் சாதாரணமா உள்ள போய் நம்பரை அழிக்க முடியுதுன்னா அது வெறும் எழுத்து, ஆட்-இன் உங்களுக்காக டைப் பண்ணிக் குடுத்திருக்கு, அவ்வளவுதான்.

லிஸ்ட் வகைதான் தினசரி வேலைக்கு சிறந்தது, ஆட்-இன் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தாலும் நம்பர் உயிரோட இருக்கும், அங்க என்டர் தட்டினாலும் அடுத்த நம்பர் வரும். ஃபீல்டு வகை ரொம்ப உறுதி, காப்பி பேஸ்ட்ல கெடாது, ஆனா தானா மாறாது, எஃப்9 அமுக்கினாத்தான் எண்ணிக்கை புதுசாகும். மூணாவது வகைல ஒவ்வொரு தடவையும் "மறுபடி எண் போடு"ன்னு பட்டனை அமுக்கணும், குறிப்பு காட்டற இடத்தை அது பாத்துக்காது. அந்த வகையை எடுக்காதீங்க, விலை இல்லாம கிடைச்சாலும் வேண்டாம்.

இன்ஸ்டால் பண்றது

டவுன்லோட் பண்ண டெம்ப்ளேட் ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க, டபுள் கிளிக் பண்ணா அதை வெச்சு புது டாக்குமென்ட்தான் திறக்கும், ஆட்-இன்னா லோட் ஆகாது. முதல்ல ஃபைல் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கீழ "அன்பிளாக்"னு ஒரு டிக் பாக்ஸ் இருந்தா டிக் பண்ணி ஓகே குடுங்க. 2022ல இருந்து இன்டர்நெட்ல இறக்குன ஃபைல்ல இருக்கற மேக்ரோவை ஆஃபீஸ் தானாவே தடுக்குது, நிறைய பேர் "ஆட்-இன் வேலை செய்யல"ன்னு சொல்றதுக்கு இந்த ஒரு டிக்தான் காரணம்.

அடுத்து அந்த ஃபைலை வேர்டோட ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல வைக்கணும். அது எங்க இருக்குன்னு தேட வேண்டாம், ஃபைல் மெனு, ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, அப்படியே அடிவரைக்கும் இறங்கினா "ஃபைல் லொக்கேஷன்ஸ்"னு ஒரு பட்டன், அதுல ஸ்டார்ட்அப் வரியைத் தேர்வு பண்ணி மாடிஃபை குடுத்தா ஃபோல்டரோட முழு வழி தெரியும். வேர்டை முழுசா மூடிட்டு அங்க ஃபைலை காப்பி பண்ணுங்க, திரும்ப வேர்டைத் திறந்தா ரிப்பன்ல புது டேப் வரும். வரலைன்னா ஆப்ஷன்ஸ்ல ஆட்-இன்ஸ் பக்கம் போய், கீழ "மேனேஜ்"ல டெம்ப்ளேட்ஸ் எடுத்து கோ குடுங்க, பேர் இருக்கும், பக்கத்துல டிக் இல்லாம இருக்கும். ஒரு தடவை வேர்டு கிராஷ் ஆனா சில ஆட்-இன்னை அதுவே முடக்கி வெச்சிடும், அதுக்கு அதே மேனேஜ்ல "டிசேபிள்டு ஐட்டம்ஸ்"னு இருக்கும், அங்க போய் எனேபிள் பண்ணணும்.

ட்ரஸ்ட் சென்டர்ல "எனேபிள் ஆல் மேக்ரோஸ்"னு ஒன்னு இருக்கு, அதை மட்டும் தொடாதீங்க, யார் சொன்னாலும் தொடாதீங்க. ஸ்டார்ட்அப் ஃபோல்டரை வேர்டு ஏற்கெனவே நம்பகமான இடமாத்தான் வெச்சிருக்கு, அங்க இருக்கற ஃபைல் எதையும் மாத்தாமலே ஓடும். எல்லா மேக்ரோவுக்கும் கதவைத் திறந்து விட்டா நாளைக்கு இன்வாய்ஸ்னு மெயில்ல வர்ற ஃபைலும் ஓடும், ஒரு வக்கீல் ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல எத்தனை பேரோட சொத்து பத்திரமும் ஆதாரும் கிடக்குன்னு யோசிச்சுப் பாருங்க. அதே காரணத்துக்காக யார் செஞ்சதுன்னு தெரியாத ஆட்-இன்னையும் எடுக்காதீங்க.

ஆட்-இன் கிடைக்கலையா, சின்னதா ஒன்னை நாமளே செய்யலாம், புரோகிராம் எழுத வேண்டாம். புது டாக்குமென்ட்ல மேல சொன்ன ஸ்டைலையும் லிஸ்ட்டையும் ஒரே ஒரு தடவை பொறுமையா செட் பண்ணி, மேக்ரோ எனேபிள்டு டெம்ப்ளேட்டா சேவ் பண்ணுங்க. அந்த ஃபைலை மூடாமலே "மனு பத்தி" ஸ்டைல்ல ஒரு பாராவை முழுசா செலக்ட் பண்ணி (கடைசில இருக்கற பாரா குறியும் சேரணும்) ஆல்ட் + எஃப்3 அமுக்குங்க, சின்னதா ஒரு பேர் வெச்சு, "சேவ் இன்"ல இந்த டெம்ப்ளேட்டையே தேர்வு பண்ணுங்க. சேவ் பண்ணி மூடி ஸ்டார்ட்அப்ல போட்டுட்டா, இனிமே எந்த டாக்குமென்ட்லயும் அந்த பேரை அடிச்சு எஃப்3 அமுக்கினா நம்பரோட பாரா வந்து விழும், கூடவே ஸ்டைலும் உள்ள வந்துடும். ஸ்டார்ட்அப்ல வைக்கற டெம்ப்ளேட் தன்னோட ஸ்டைலை நேரா மத்த டாக்குமென்ட்டுக்கு குடுக்காது, மேக்ரோவும் ஆட்டோ டெக்ஸ்ட்டும் (இப்படி பேர் வெச்சு சேமிச்ச வாசகம்) மட்டும்தான் குடுக்கும், அதனாலதான் இப்படி பாராவோட சேத்து அனுப்பறோம்.

லெவல் செட்டிங்கும் தமிழ்ல வர்ற சிக்கலும்

கோர்ட் டாக்குமென்ட்டுக்கு ரெண்டு லெவல் போதும், மிஞ்சிப் போனா மூணு. ஒன்பது வரைக்கும் போகலாம், ஆனா மூணாவதைத் தாண்டினா படிக்கறவங்க தொலைஞ்சு போயிடுவாங்க. முதல் லெவல் 1, 2, 3, ரெண்டாவது அடைப்புக்குள்ள சின்ன ரோமன் எண், இல்லைன்னா 4.1, 4.2 மாதிரி. ஒப்பந்தத்துக்கு இந்த 4.1 முறை நல்லா இருக்கும், மனுவுக்கு அடைப்புதான் பழக்கம்.

தமிழ்ல டைப் பண்ணா முதல்ல கண்ல படறது, நம்பர் மட்டும் சின்னதா இருக்கும், எழுத்து பெருசா இருக்கும். ஏன்னா வேர்டு தமிழை காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்னு தனியா வெச்சிருக்கு, அதுக்கு தனி ஃபான்ட், தனி சைஸ், 1, 2, 3ங்கற எண்ணு லத்தீன் பக்கத்து ஃபான்ட், சைஸை எடுத்துக்கும். மேல ரிப்பன்ல சைஸ் மாத்திக்கிட்டே இருந்தா ஒன்னு மாறும் இன்னொன்னு மாறாது. ஸ்டைல்ஸ் பேன்ல "மனு பத்தி"யை மாடிஃபை குடுத்து, ஃபார்மேட், ஃபான்ட் போங்க, அங்க லத்தீன் டெக்ஸ்ட், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்னு ரெண்டு பகுதி இருக்கும், ரெண்டுலயும் சைஸை பொருத்தமா வைங்க. அந்த ரெண்டாவது பகுதி தெரியலைன்னா ஆஃபீஸ் லாங்குவேஜ் செட்டிங்ல தமிழைச் சேத்துட்டு வாங்க.

நம்பர் மட்டும் போல்டா வருதா? பாராவோட கடைசில இருக்கற பாரா குறி போல்டா இருக்கும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அமுக்கினா அந்த குறி கண்ணுக்குத் தெரியும், அதை மட்டும் செலக்ட் பண்ணி போல்டை எடுத்தா நம்பரும் சாதாரணமாயிடும். நம்பர் தன்னோட தோற்றத்தை அந்த குறில இருந்துதான் எடுக்குது, இது தெரிஞ்சா பாதி மர்மம் தீரும்.

இன்னும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல வேலை செய்யறவங்களுக்கு ஒன்னு. இரண்டாவது லெவலுக்கு இங்கிலீஷ் ஏ, பி, சின்னு வெச்சா பேப்பர்ல "ய", "டி", "உ"ன்னு வரும், ஏன்னா அந்த ஃபான்ட்ல அந்தந்த கீல இருக்கற எழுத்து அதுதான். டிஃபைன் நியூ மல்ட்டிலெவல் லிஸ்ட் டயலாக்ல ஃபான்ட்னு ஒரு பட்டன் இருக்கும், அங்க நம்பருக்கு மட்டும் டைம்ஸ் நியூ ரோமன் குடுத்தா சரியாகும். முடிஞ்சா யூனிகோடுக்கே வந்துடுங்க, பிடிஎஃப்ல தேடறதுக்கும் அதுதான் வேணும்.

அப்புறம் எல்லாரும் கேக்கறது, (அ), (ஆ), (இ)ன்னு தானா வருமா? வேர்டோட லிஸ்ட்ல ஹிந்தி உயிரெழுத்து வரிசை இருக்கு, தாய்லாந்து மொழி எழுத்து வரிசை இருக்கு, தமிழ் இல்ல. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம், தமிழ் சட்ட வரைவுல துணைப் பத்தின்னாலே அ, ஆ தான் இயல்பு. லிஸ்ட் வகை ஆட்-இன் எதுவும் இதை நேரா தர முடியாது, ஃபீல்டு வகைல முடியும். ஒரு சீக் ஃபீல்டு மறைவா எண்ணிக்கிட்டே போகும் (கடைசில பேக்ஸ்லாஷ் ஹெச் போட்டா எண் வெளிய தெரியாது), அது பக்கத்துல இஃப் (IF) ஃபீல்டை வரிசையா வைங்க, எண்ணிக்கை 1ன்னா "அ", 2ன்னா "ஆ"ன்னு. இஃப் உள்ள அதே சீக்கை பேக்ஸ்லாஷ் சி போட்டு கூப்பிடணும், அப்பதான் அது மேல எண்ணாம இருக்கற எண்ணையே திருப்பிக் குடுக்கும். சுருள் அடைப்பை கீபோர்டுல இருந்து அடிக்கக் கூடாது, கன்ட்ரோல் + எஃப்9 அமுக்கித்தான் வர வைக்கணும். ஒரு தடவை கட்டி மேல சொன்ன ஆல்ட் + எஃப்3 வழில சேத்து வெச்சுட்டா அப்புறம் எஃப்3 தான். ஒவ்வொரு பத்திலயும் திரும்ப "அ"ல தொடங்க முதல் ஃபீல்டுல பேக்ஸ்லாஷ் ஆர் 1 சேக்கணும், அதனால தொடக்கத்துக்கு ஒன்னு, தொடர்ச்சிக்கு ஒன்னுன்னு ரெண்டா சேமிச்சுக்கங்க. இந்த உழைப்பு வேண்டாம்னா ரோமன் எண்ணோட போங்க.

தினசரி டைப் பண்ணும்போது

முதல் வேலை, ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்ல "ஆட்டோஃபார்மேட் அஸ் யூ டைப்" பக்கம் போய் "ஆட்டோமேட்டிக் நம்பர்டு லிஸ்ட்ஸ்" டிக்கை எடுத்துடுங்க. இல்லைன்னா எங்கயாவது 1 புள்ளி அடிச்சதும் வேர்டு ஒரு லிஸ்ட்டை ஆரம்பிக்கும், ஆட்-இன் ஒரு லிஸ்ட் வெச்சிருக்கும், ரெண்டும் சண்டை. அதே மாதிரி அட்வான்ஸ்டு பக்கத்துல கட், காப்பி, பேஸ்ட் பகுதில மத்த டாக்குமென்ட்ல இருந்து ஒட்டறதுக்கு "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" வெச்சிடுங்க. பழைய மனுல இருந்து காப்பி பண்றதுதான் நம்ம வேலைல பாதி, அப்ப வெறும் எழுத்து மட்டும் வந்தா போதும், வந்ததும் ஸ்டைலைக் குடுத்துக்கலாம். ஆனா ஒன்னு, லிஸ்ட் நம்பர் இருக்கற பாராவை டெக்ஸ்ட்டா ஒட்டும்போது பழைய நம்பரும் எழுத்தா கூட வரும், அதை அழிச்சுட்டுத்தான் ஸ்டைல் குடுக்கணும், இல்லைன்னா "14. 9."னு ரெண்டு நம்பர் நிக்கும்.

கையால நம்பர் அடிச்ச பழைய ஃபைலை மாத்தறதுக்கு ஆல்ட்டை அமுக்கிக்கிட்டே மவுஸை கீழ இழுத்தா நம்பர் இருக்கற செங்குத்து பட்டையை மட்டும் செலக்ட் பண்ணலாம், குட்டி குட்டி பாராவா இருந்தா இது வேகம். நீளப் பாராவா இருந்தா கண்ணால பாத்து ஒவ்வொன்னா எடுக்கறதே நல்லது, அவசரப்பட்டா முதல் சொல்லும் சேந்து போயிடும், வருஷத்துல ஆரம்பிக்கற பாராவா இருந்தா அந்த வருஷமே போயிடும்.

நம்பர் வேண்டாத பாரா வரும், மேற்கோள், பத்திர வாசகம், ஒரு பத்தியோட தொடர்ச்சி. அதுக்கு ஷிஃப்ட் + என்டர் தட்டறாங்க நிறைய பேர், ஜஸ்டிஃபை பண்ண டாக்குமென்ட்ல அந்த வரி ரப்பரா இழுபட்டு சொல்லுக்கு சொல் இடைவெளி விழும். "தொடர் பத்தி"ன்னு நம்பர் இல்லாத ஒரு ஸ்டைல் வெச்சுக்கங்க, இன்டென்ட் மட்டும் "மனு பத்தி" மாதிரியே. அதே போல பரிகாரம் கேக்கற பகுதிக்கும் தபசிலுக்கும் (சொத்து விவரப் பட்டியல்) எண் திரும்ப ஒன்னுல ஆரம்பிக்கணும், அதுக்கு ரைட் கிளிக் ரீஸ்டார்ட் பக்கம் போகாம "பரிகாரம்", "தபசில்"னு தனி லிஸ்ட் ஸ்டைலே வெச்சுடுங்க. அதனால ஆட்-இன்ல இப்படி ஒன்னுக்கு மேல லிஸ்ட் வெச்சுக்க வசதி இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க.

ஒரே வரிக்குள்ள வரிசையா எண் வேணும்னா கன்ட்ரோல் + ஆல்ட் + எல், அது லிஸ்ட்நம் (LISTNUM) ஃபீல்டு, பாராவுக்கு நடுவுலயும் எண்ணும். இது வேர்டுலயே இருக்கு, ஆட்-இன் வேண்டாம்.

"மேலே பத்தி 23" தானா மாற

ரெஃபரன்சஸ் டேப்ல கிராஸ்-ரெஃபரன்ஸ், டைப்புக்கு "நம்பர்டு ஐட்டம்", கீழ வர்ற பட்டியல்ல பாராவைத் தேர்வு பண்ணி "பாராகிராஃப் நம்பர்" குடுங்க, துணைப் பத்தின்னா "ஃபுல் கான்டெக்ஸ்ட்" இருக்கறதை எடுங்க, அப்பதான் வெறும் (ii)க்கு பதிலா 4(ii)ன்னு முழுசா வரும். ஆட்-இன்ல இதுக்கு தனி பட்டன் இருந்தா வேலை இன்னும் சுலபம். அந்த நம்பருக்குப் பின்னாடி "-ல்"னு போட்டு எழுதுங்க, "பத்தி 7-ல்" 8 ஆனாலும் 12 ஆனாலும் வாக்கியம் கெடாது, "ஏழில்", "ஏழாவது"ன்னு எழுத்துல எழுதிட்டா அதை வேர்டு மாத்தாது.

பாராவைச் சேத்ததும் குறிப்புகள் உடனே மாறாது. கன்ட்ரோல் + ஏ, எஃப்9. இது ஃபுட்நோட்டுக்குள்ள போகாது, அங்க தனியா கிளிக் பண்ணி திரும்ப செய்யணும். ஆப்ஷன்ஸ்ல டிஸ்ப்ளே பக்கத்துல "அப்டேட் ஃபீல்ட்ஸ் பிஃபோர் பிரின்டிங்" டிக் பண்ணி வெச்சுடுங்க. குறிப்பு காட்டின பாராவை யாராவது அழிச்சிருந்தா அந்த இடத்துல "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்"னு கொட்டை எழுத்துல வந்து நிக்கும், பிரின்ட் குடுக்கறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் + எஃப்ல இங்கிலீஷ்ல எரர்னு அடிச்சு ஒரு தடவை தேடுங்க, இதை ஒரு நாளும் விடாதீங்க.

எதிர்வாதி பக்கம் ரிட்டன் ஸ்டேட்மென்ட் (பிராதுக்கு குடுக்கற பதிலுரை) தயார் பண்றவங்க இங்க ரொம்ப கவனமா இருக்கணும். உங்க டாக்குமென்ட்ல ரெண்டு வகை நம்பர் ஓடும், உங்க சொந்த பத்தி நம்பர் உயிருள்ளது, மாறலாம், "பிராது பத்தி 7"ங்கற நம்பர் எதிர்தரப்பு ஏற்கெனவே தாக்கல் பண்ணது, அது மாறவே கூடாது. அதை கையால அடிங்க, கிராஸ்-ரெஃபரன்ஸ் போடாதீங்க. சொல்லையும் பிரிச்சு வெச்சுக்கங்க, அவங்களுதுக்கு எப்பவும் "பிராது பத்தி", நம்மளுதுக்கு எப்பவும் "மேலே பத்தி", "கீழே பத்தி". கடைசியா சரிபாக்கும்போது பிராதோட காப்பியை பக்கத்துல வெச்சு "பிராது பத்தி"ன்னு தேடித் தேடி ஒவ்வொன்னையும் ஒத்துப் பாருங்க, ஆர்டர் 8 ரூல் 5 ஞாபகம் இருக்கட்டும், விட்டுப் போன பத்திக்கு விலை பெருசு.

அடிக்கடி வர்ற தொல்லை

நம்பர் இருக்க வேண்டிய இடத்துல கறுப்பு கட்டம் நிக்குதா, அந்த பாராவோட முதல் எழுத்துக்கு முன்னாடி கர்சரை வெச்சு இடது அம்புக்குறியை கட்டம் சாம்பலாகற வரைக்கும் அமுக்குங்க, அப்புறம் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அமுக்கி ரீஅப்ளை குடுங்க. நம்பருக்கும் எழுத்துக்கும் நடுவுல பெரிய பள்ளம் விழுந்தா ரூலரை இழுக்காதீங்க, லிஸ்ட் டயலாக்ல "டெக்ஸ்ட் இன்டென்ட் அட்" அளவை மாத்துங்க, ரூலரை இழுத்தா அந்த ஒரு பாரா மட்டும் கூட்டத்துல இருந்து விலகிடும். ஆட்-இன் போட்ட பிறகு வேர்டு மெதுவா போச்சுன்னா ஃபீல்டு வகையா இருக்கும், அதோட செட்டிங்ல தானா அப்டேட் பண்றதை நிறுத்திட்டு தேவைப்படும்போது எஃப்9 அமுக்கிக்கங்க.

வேர்டு இல்லாம லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் வெச்சிருந்தா நிறைய நேரம் ஆட்-ஆனே தேவைப்படாது, பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்தா "அவுட்லைன் & லிஸ்ட்" பக்கத்துலயே லிஸ்ட் ஸ்டைலை கட்டிடலாம், அதுக்கு மேல வேணும்னா டூல்ஸ் மெனுல எக்ஸ்டென்ஷன் பகுதில ஓஎக்ஸ்டி ஃபைலைச் சேக்கலாம். கூகிள் டாக்ஸ்ல எக்ஸ்டென்ஷன்ஸ், ஆட்-ஆன்ஸ்னு போகணும். அங்க ஆட்-ஆன் கேக்கற அனுமதியைப் படிங்க, "உங்க டிரைவ்ல இருக்கற எல்லா ஃபைலையும் பாக்க"ன்னு கேட்டா வேண்டாம்னு வெளிய வந்துடுங்க.

அனுப்பும்போதும் தாக்கல் பண்ணும்போதும்

டிராஃப்ட் இருக்கற வரைக்கும் நம்பர் உயிரோட இருக்கணும், தாக்கல் ஆன நிமிஷத்துல இருந்து அது கல்லு. இதை ஆட்-இன் விக்கறவங்க யாரும் சொல்றதில்ல. பிராது தாக்கலாகி எதிர்வாதி பதில் போட்ட பிறகு, ஆர்டர் 6 ரூல் 17ல திருத்த மனு அனுமதியாகி ஒரு பத்தி சேக்கறீங்கன்னு வைங்க, ஆட்-இன் தன் வேலையை ஒழுங்கா செஞ்சு பத்தி 8ஐ 9 ஆக்கிடும், எதிர்வாதி "பிராது பத்தி 8"னு மறுத்ததெல்லாம் அந்தரத்துல நிக்கும், சாட்சி விசாரணைல சொன்ன பத்தி எண்ணும் பொருந்தாது. அதனால புதுப் பத்தி 7(அ)ன்னுதான் போகணும், மத்த எண் அசையக் கூடாது.

அதுக்கு, தாக்கலுக்கு போற நாள்லயே ரெண்டு காப்பி வெச்சுக்கங்க. ஒன்னு உயிருள்ள டிராஃப்ட். இன்னொன்னுல கன்ட்ரோல் + ஏ, எஃப்9 அமுக்கி கடைசியா புதுசாக்கி, எரர் தேடி, அப்புறம் கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9 அமுக்கினா ஃபீல்டு எல்லாம் வெறும் எழுத்தாயிடும், லிஸ்ட் நம்பரை எழுத்தாக்க ஆட்-இன்ல "கன்வர்ட் நம்பர்ஸ் டு டெக்ஸ்ட்"ங்கற மாதிரி பட்டன் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா பிடிஎஃப் எடுத்து அதையே மூலமா வெச்சுக்கங்க. இ-ஃபைலிங்குக்கு பிடிஎஃப் எப்படியும் வேணும், ஸ்கேன் பண்ணாம வேர்டுல இருந்தே சேவ் பண்ணா தேடக்கூடிய பிடிஎஃப்பா வரும். ஃபைல் பேர்லயே தாக்கல் தேதியைப் போட்டு ரீட்-ஒன்லி ஆக்கிடுங்க. திருத்தம் வந்தா இந்த கல்லான காப்பியை எடுத்து இன்னொரு பேர்ல சேவ் பண்ணி, 7(அ)வை கையால அடிச்சு, குறிப்பு காட்டற இடத்தையும் கையாலயே எழுதுங்க. இந்த ஒரு இடத்துல கைதான் சரி.